நாற்பத்தெட்டு சதவீதம்

கண்ணாடிச் சீசாவில் இதை வைக்க முடியாது.
கண்ணாடியைத் தின்றுவிடும்.
அதனால் வெள்ளை பிளாஸ்டிக் சீசா,
சீசாவைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் வாளி,
வாளியைச் சுற்றி அலமாரி,
அலமாரிச் சாவி சேவுகமூர்த்தியின் இடுப்பில்.
கையெழுத்துப் போட்ட பிறகும் தரமாட்டார்.
"கூட யாரு?" என்பார்.
யாருமில்லை என்றால்
சாவி இடுப்பிலேயே இருக்கும்.

அன்று கூட இருந்தது பிலோமினா.
திருப்பத்தூர் பஸ்ஸை விட்டுவிட்டு
ஸ்டூலில் உட்கார்ந்து
என் இரண்டு கைகளை மட்டும் பார்க்கிற வேலை.
போனைத் தொடக் கூடாது. ஒப்பந்தம்.

உள்ளே மெல்லிய கையுறை, மேலே தடித்தது.
மாட்டுமுன் வாயைச் சுருட்டிக் காற்றை அடைத்து
காதருகே வைத்துக் கேட்பேன்.
கொப்புடையம்மன் திருவிழாவில்
பலூன் வாங்குகிற பிள்ளை மாதிரி இருக்கிறேன் என்பாள் பிலோமினா.
சீறல் இல்லை.
கறுப்புப் பொடியைச் சிட்டிகை சிட்டிகையாக
அமிலத்தில் போட ஆரம்பித்தேன்.

ஏழு இருபதுக்குக் கரண்ட் போனது.

புகைக்கூண்டின் இரைச்சல் நின்றதும்
அவ்வளவு நேரம் அது இரைந்துகொண்டிருந்தது தெரிந்தது.
"கதவை இறக்கு" என்றாள். இறக்கினேன்.
வராந்தாவுக்கு வந்து
எமர்ஜென்சி விளக்கடியில் கையுறையைக் கழற்றினால்
வலது ஆள்காட்டி விரல்
ஈரம்.

சித்திரை மாதம். காரைக்குடி.
வேர்வையாகத்தான் இருக்கும்.
வேர்வையாகத்தான் இருக்கும் என்று
நினைப்பவர்களுக்காகவே செய்த அமிலம் இது.
முதலில் வலிக்காது.
தோலைத் தட்டி எழுப்பாமல் உள்ளே போய்
சுண்ணாம்பைத் தேடும்.
முட்டை வெள்ளை கலந்து
ஆள் உயரத்துக்கு மேல் ஆள் உயரமாக
சுண்ணாம்பு பூசி நிற்கிற ஊர்.
எனக்குள் நிற்பதும் அதேதான்,
கொஞ்சம் குறைந்த உயரத்தில்.

குழாயடியில் ஐந்து நிமிடம்.
பிலோமினா கடிகாரத்தைச் சத்தமாக வாசித்தாள்.
சுவர்ப் பெட்டியைத் திறந்தாள்.
கால்சியம் களிம்பு டியூப்
கடைசி வரை பிதுக்கிச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.
யாரோ பணியாரச் சட்டியில் சுட்டுக்கொண்டு
கேண்டீனிலிருந்து ஓடிவந்து தடவியிருக்கிறார்கள்,
ஆறும்வரை, தினமும்.

என் கைப்பையில் ஒன்று உண்டு.
லிப்ஸ்டிக்குக்குப் பக்கத்தில், இரண்டு வருடமாக.
புதுக் கையுறை மாட்டிக்கொண்டு
அவள் தேய்த்தாள், நிறுத்தாமல்,
ஆட்டோவில், கல்லுக்கட்டி நெரிசலில்,
ஆஸ்பத்திரிப் படியேறும்போதும்.

டியூட்டி டாக்டருக்கு இருபத்தைந்து வயதிருக்கும்.
"வெந்திருக்கா?"
இல்லை.
"எரியுதா?"
இல்லை.
"அப்புறம் எதுக்கு வந்தீங்க?"
லேமினேட் செய்த தாளை நீட்டினேன்.
உட்கார்ந்து ஒருமுறை படித்தார்.
எழுந்து நின்று இன்னொரு முறை.

ராத்திரி முழுக்க
நெஞ்சில் ஒயர்களோடு படுத்திருந்தேன்.
மணிக்கொரு தரம் விரலை அழுத்திப் பார்த்தேன்.
வராத பஸ்ஸுக்குக் காத்திருந்திருக்கிறேன்.
வந்துவிடக் கூடாத ஒன்றுக்கு
இப்படிக் காத்திருந்ததில்லை.
பிலோமினா நாற்காலியில் தூங்கிப்போனாள்,
என் கையைப் பார்த்தபடியே.

காலையில் சேவுகமூர்த்தி
கழுவிய கையுறையில் தண்ணீர் நிரப்பிக்
கொடியில் தொங்கவிட்டார்.
ஐந்து விரல்களும் வீங்கி நின்றன.
மதியம் வரை ஒரு சொட்டு விழவில்லை.

பதிவேட்டில் எழுதினேன்:
நடந்தது: வேர்வை.
எடுத்த நடவடிக்கை: எல்லாம்.
படித்துவிட்டு இயக்குநர் சிரித்தாரா என்று தெரியவில்லை.
கையெழுத்து மட்டும் இருந்தது, பச்சை மையில்.

சாயங்காலம் மருந்துக் கடையில்
சுவர்ப் பெட்டிக்கு மூன்று டியூப்,
கைப்பைக்கு ஒன்று,
கேண்டீனுக்குத் தனியாக ஒரு பர்னால்.